ஆசானை நாடுவதா, வைத்தியரை நாடுவதா?

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில், நகரத்தின் சந்தடி ஓய்ந்துவிட்டது என்று நாம் எண்ணத் தொடங்கும் வேளையில் அதைவிடப் பெரிய சந்தடியோடு எதிர்ப்படுகிற கழக்கூட்டம், பழைய திருவிதாங்கூர்ச் சரித்திரத்தில் மார்த்தாண்டவர்ம மகாராஜாவை எதிர்த்து நின்ற எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவரின் ஊராகவும், பிற்காலத்தில் மகாதேவர் கோயில், ரயில் நிலையம், சைனிக் பள்ளி ஆகியவற்றின் பெயரால் அறியப்பட்ட ஊராகவும் இருந்து, 1990-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகிய டெக்னோபார்க் அங்கே தோன்றிய பிறகு முற்றிலும் வேறொரு வாழ்க்கையை மேற்கொண்டுவிட்டது. இன்று அவ்வளாகத்தில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களில் நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்களும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் தேதி வரையில் திருவிதாங்கூரையும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தே இருந்தபடியால், அவர்களுக்கு இது அயலூர் என்றும் சொல்வதற்கில்லை.

அப்படி மார்த்தாண்டத்திலிருந்து வந்து ஒரு சிறு குழுவுக்குத் தலைவியாக உயர்ந்திருக்கும் முப்பது வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். சில வாரங்களாக அவளுக்கு விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு உறக்கமில்லை. முன்பு ஆசையோடு செய்த வேலையைத் தொடவே மனம் வரவில்லை. கூட்டங்களில் பேச வாயெடுத்தால் நெஞ்சு படபடக்கிறது. மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கித் தாயிடம் தொலைபேசியில் கேட்டால், "மக்களே, ஒனக்கென்ன கொறச்சல்? ஊளம்பாறைக்குப் போற அளவுக்கு என்ன வந்துட்டு?" என்று மறுமுனையில் குரல் நடுங்குகிறது. அந்த வாரமே அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது: ஊழியர்களின் மனநலத்துக்காகக் 'கோச்' ஒருவர் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறார், கட்டணம் கிடையாது, கைபேசியிலேயே பேசலாம். கோச் என்பதில் அவமானம் ஏதும் இல்லை. விளையாட்டு வீரர்களுக்குக் கூடக் கோச் இருக்கிறாரே! அவள் அந்தப் பொத்தானை அழுத்துகிறாள்.

அவள் செய்தது சரியா என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

ஊளம்பாறை என்றது, திருவிதாங்கூர் அரசாங்கம் 1870-ஆம் ஆண்டில் ஏற்படுத்தி இன்று பேரூர்க்கடைக்கு அருகே அரசு மனநல மையமாக நடந்துவருகிற மருத்துவமனையை. சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே தோன்றிப் பின்னர்க் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்ற ஆஸ்பத்திரிக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேர்ந்தது. நோயைத் தீர்க்கும் ஸ்தலத்தின் பெயரே ஏளனச் சொல்லாகி, அந்த ஏளனத்துக்கு அஞ்சியே தீர்க்கக்கூடிய நோய்களை ஜனங்கள் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளும் நிலை உண்டாயிற்று. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் கேரளமும் தமிழ்நாடும் உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானவர்கள் ஏதேனும் ஒரு மனநோயோடு இருப்பதாகவும், அவர்களில் எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டோர் உரிய சிகிச்சையைப் பெறாதிருப்பதாகவும் கண்டது. எழுத்தறிவிலும் பொதுச் சுகாதாரத்திலும் பெயர்பெற்ற கேரளத்தில் கூட மனத்தின் நோய் மட்டும் இன்னும் மறைவிடம் தேடுகிறது. இத்தகைய சூழ்நிலையில் கெளரவமான பெயரோடு ஒரு வாசல் திறந்தால் அதன் வழியாக நுழைபவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் அந்த வாசல் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அறிந்துகொண்டு நுழைவது உத்தமம்.

கோச்சிங் என்னும் கலை ஆஸ்பத்திரியில் பிறந்ததன்று, ஆடுகளத்தில் பிறந்தது. அமெரிக்காவில் டென்னிஸ் கற்பித்துக்கொண்டிருந்த திமோதி கால்வே என்பவர், ஆட்டக்காரனுக்கு வலைக்கு அப்பால் நிற்கும் எதிரியைவிட அவன் தலைக்குள் ஓயாமல் குற்றம் கண்டுகொண்டிருக்கும் எதிரியே வலியவன் என்று கண்டு, 1974-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். 1965-ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கார்ப் பந்தயச் சாம்பியனாக விளங்கிய ஆங்கிலேயர் ஜான் விட்மோர் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு வர்த்தக நிறுவனங்களின் அதிகாரிகளிடம் பிரயோகித்து, 1992-இல் அதைப் பற்றித் தாமும் நூலொன்று வெளியிட்டார். உன் லட்சியம் என்ன, இப்போதைய நிலைமை என்ன, உன் முன்னுள்ள வழிகள் எவை, அவற்றில் எதை எப்போது செய்யப்போகிறாய் என்ற நான்கு வினாக்களின் வரிசையே இன்றைக்கும் பெரும்பாலான கோச்சுகளின் மூலதனம். நல்ல கோச் உபதேசம் செய்வதில்லை. வினவுகிறார், கேட்கிறார், சொன்னதைச் செய்தாயா என்று அடுத்த முறை நினைவூட்டுகிறார். திடசித்தமுள்ள ஒருவர் பாதை தெரியாமல் நிற்கும்போது இது மெத்தப் பிரயோஜனமான உதவி என்பதில் சந்தேகமில்லை.

உளச்சிகிச்சையின் வம்சாவளி வேறு. கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் 1922-ஆம் ஆண்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை ஸ்தாபித்த காலந்தொட்டே நம் நாட்டுக்கு அது பழக்கமானது. 1960-களில் பிலடெல்பியாவில் மருத்துவர் ஆரோன் பெக், மனச்சோர்வு கொண்டோரின் சிந்தனையில் ஒரே வகையான திரிபுகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து, அவற்றை நோயாளியே சோதித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் முறையொன்றை வகுத்தார். சிந்தனை-நடத்தைச் சிகிச்சை என்று வழங்கும் அதுவே இன்று உலகில் மிக அதிகமாகப் பரிசோதிக்கப்பட்ட உளச்சிகிச்சை. இதைச் செய்யத் தகுதியுள்ளவர் யார்? நம் தேசத்தில் மருத்துவ உளவியலாளர் என்று பதிவு பெறுவதற்கு, உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற பின்னும், மனநோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனையில் மூத்தோரின் மேற்பார்வையின் கீழ் இரண்டு முழு வருஷங்கள் பயில்வதே இதுவரை வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. மனநல மருத்துவரோ எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மூன்று வருஷ மேற்படிப்பும் முடித்தவர். மருந்து எழுதும் அதிகாரமும் அவருடையது.

கோச்சுக்கு எவ்வளவு பயிற்சி? 1995-இல் அமெரிக்காவில் தோன்றி இன்று பல தேசங்களிலும் கிளைவிட்டிருக்கும் சர்வதேசக் கோச்சுகள் கூட்டமைப்பு தன் முதற்படிச் சான்றிதழுக்கு 60 மணி நேரப் படிப்பையும் 100 மணி நேர அனுபவத்தையும் கேட்கிறது. மிக உயர்ந்த படிக்கு 2,500 மணி நேர அனுபவம் வேண்டும். மரியாதைக்குரிய ஏற்பாடுதான். ஆயினும் அந்தப் படிப்பில் மனநோய்களைக் கண்டுபிடிக்கும் பயிற்சி பிரதானமன்று. அப்படி ஒரு பாவனையை அந்தக் கூட்டமைப்பும் செய்வதில்லை. நோயின் குறி தெரிந்தால் சிகிச்சையாளரிடம் அனுப்பிவிட வேண்டும் என்றே அது தன் அங்கத்தினர்களுக்கு வழிகாட்டுகிறது. இதைவிட முக்கியமாக நாம் அறிய வேண்டியது, இந்தச் சான்றிதழ் கூட இல்லாமல், ஒரு வார இறுதி வகுப்புக்குப் பிறகு, அல்லது எந்த வகுப்பும் இல்லாமலே, எவர் வேண்டுமானாலும் இந்தியாவில் 'மனநலக் கோச்' என்று பலகை மாட்டிக்கொள்ளலாம் என்பது. தடுக்கச் சட்டமில்லை.

சிகிச்சையாளருக்குச் சட்டம் உண்டு. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட இந்திய மறுவாழ்வுக் குழுமம் மருத்துவ உளவியலாளர்களின் பதிவேட்டை வைத்திருக்கிறது. ஒருவர் பெயர் அதில் உள்ளதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். 2018 மே 29 முதல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல வல்லுநர் யார் என்பதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. அந்த இலக்கணத்தில் சித்த வைத்தியத்தில் சிறப்பு மருத்துவம் என்னும் பிரிவில் முதுநிலைப் பட்டம் பெற்றவருக்கும் இடம் கொடுத்திருப்பதைக் கண்டு தமிழர் மகிழலாம். கோச் என்ற சொல் அந்தச் சட்டத்தின் இலக்கணத்தில் இல்லை. சிகிச்சையாளருக்கும் கோச்சுக்கும் நடுவே 'கவுன்சலர்' என்ற மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் அவரையும் வரையறைக்குள் கொண்டுவர முற்பட்டிருக்கிறது.

இந்தக் குழப்பம் நம் தென்கோடியில் வேரூன்றுவதற்கு ஒரு பழங்காரணமும் இருக்கலாமென்று எனக்குத் தோன்றுவதுண்டு. குமரி நாட்டிலும் தென் திருவிதாங்கூரிலும் அடிமுறை கற்றுக்கொடுக்கும் ஆசானே வர்ம வைத்தியராகவும் இருப்பார். களத்தில் சீடனைப் புரட்டியெடுப்பவரும் அவரே. அடிபட்ட சீடனுக்கு எண்ணெய் காய்ச்சித் தடவித் திருப்பி எழுப்புகிறவரும் அவரே. பயிற்சியும் பரிகாரமும் ஒரே கையிலிருந்து வரும் என்ற நம்பிக்கை நமக்கு இயல்பாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஆசானிடம் ஒரு விவேகம் இருந்தது: காறை எலும்பு முறிந்து வந்தவனை அவர் அன்றைக்குக் களத்தில் இறக்கமாட்டார். இரண்டு வித்தைகளும் அறிந்தபடியால் எதை எப்போது செய்யலாகாது என்பதையும் அறிந்திருந்தார். ஒரு வித்தை மட்டும் அறிந்த இன்றைய கோச்சிடம் அந்த விவேகத்தை நாம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகையால் அதை நாமே சம்பாதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த மார்த்தாண்டத்துப் பெண்ணிடமே திரும்புவோம். மனம் சோர்ந்திருப்பதோ, எதிலும் நாட்டமில்லாமற் போவதோ, நாளில் பெரும்பகுதியும், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, அதனுடன் உறக்கம், பசி, கவனம், தன்னைப் பற்றிய மதிப்பு ஆகியவையும் கெட்டிருந்தால், அதை மனச்சோர்வு நோயென்று சந்தேகிக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட அளவுகோல். அதிகாலை விழிப்பு அந்த நோயின் பழைய அடையாளங்களில் ஒன்று. இந்த ஸ்திதியில் இருப்பவளிடம் கோச் மிக நல்லெண்ணத்தோடு, "இந்த வாரத்தில் நீங்கள் சாதிக்க விரும்பும் மூன்று காரியங்கள் எவை?" என்று கேட்கிறார். மூன்றையும் அவள் எழுதுகிறாள். ஒன்றையும் செய்ய முடிவதில்லை, ஏனெனில் செய்யும் சக்தியைத்தான் நோய் பறித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் அந்தத் தோல்வியும் அவள் கணக்கில் சேர்கிறது. தான் உதவாதவள் என்று நோய் அவள் காதில் ஓதிக்கொண்டிருந்ததற்கு இப்போது எழுத்து மூலமான சாட்சியமே கிடைத்துவிட்டது!

இன்னும் நுட்பமான அபாயங்கள் உள்ளன. கதவைப் பூட்டினோமா, அனுப்பிய கடிதத்தில் பிழையிருக்குமோ என்று நாளெல்லாம் திரும்பத் திரும்பச் சரிபார்த்து மாய்கிற எண்ணச் சுழற்சி நோயாளியிடம், "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்று யாரேனும் ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதலே அந்நோய்க்கு உணவாகிறது. சரிபார்க்காமலே அந்தப் பதற்றத்தைத் தாங்கிக் கடக்கப் படிப்படியாகப் பழக்குவதுதான் அதற்குரிய சிகிச்சை. 1960-களில் லண்டனில் விக்டர் மேயர் அந்த மார்க்கத்தைத் தொடங்கிவைத்தார். அது அன்புள்ளம் மட்டும் கொண்டு செய்யக்கூடிய காரியமன்று. மற்றொரு பக்கம், இருதுருவ நோயின் எழுச்சிக் கட்டத்திலிருக்கும் இளைஞனைப் பாருங்கள். மூன்று மணி நேரமே உறங்குகிறான், களைப்பே இல்லை, தலையில் நூறு திட்டங்கள், வேலையை உதறிவிட்டுச் சொந்த நிறுவனம் தொடங்கப் போவதாகச் சொல்கிறான். கேரள ஸ்டார்ட்டப் மிஷனே தலைமையிடம் கொண்டிருக்கிற டெக்னோபார்க்கில் இதை யார் நோயென்று நினைப்பார்கள்? இலட்சிய வேட்கை கொழுந்துவிட்டு எரிகிறது என்று கோச் பூரித்துப்போவார். கடனும் ராஜிநாமாவும் கைமீறிய பிறகே உண்மை விளங்கும். ஒரே நடத்தை ஒருவரிடத்தில் ஊக்கமாகவும் மற்றொருவரிடத்தில் வியாதியாகவும் இருக்கக்கூடும் என்பதால்தான், பிரித்தறியும் கண்ணுள்ளவர் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

வைத்தியர் பார்த்தால் இன்னொரு லாபமும் உண்டு. சோர்வும் மந்தமும் சிலருக்குத் தைராய்டுச் சுரப்பி குறைவாக வேலை செய்வதனாலும், சிலருக்கு இரத்தசோகையாலும், சிலருக்கு பி12 குறைவாலும் வருகின்றன. ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடக்கூடியதை ஆறு மாதக் கோச்சிங் சொல்லாது.

அப்படியானால் கோச்சே வேண்டாமா? வேண்டும், உரிய இடத்தில். நேற்றுவரை புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர் இன்று பத்துப் பேரை நடத்தும் பொறுப்புக்கு வந்து, நேற்றைய தோழனிடம் எப்படிக் குறை சொல்வதென்று தெரியாமல் விழிக்கிறார். பிரசவ விடுமுறை முடிந்து திரும்பிய பெண் தன் பழைய இடத்தை மீண்டும் பிடிக்க முயல்கிறார். ஊரில் பெற்றோருக்குத் துணையாயிருப்பதா, வெளிநாட்டு வாய்ப்பை ஏற்பதா என்று ஒருவர் ஊசலாடுகிறார். இவர்கள் உண்கிறார்கள், உறங்குகிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். வேண்டியது ஒரு திசை. இவர்களைச் சிகிச்சைக்கு அனுப்புவது வைத்தியர் நேரத்தை வீணாக்குவதாகும். சிகிச்சை முடிந்து தேறியவர்கள், இனி வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்வது என்ற கட்டத்தில் கோச்சை நாடுவதும் மிகப் பொருத்தம். சிகிச்சையாளரின் சம்மதத்தோடு இரண்டையும் சேர்த்தே நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டுமே தேவைப்படாதவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் பட்சபாதமாகும். அமெரிக்க வாடிக்கையாளரின் பகலுக்காகத் தன் இரவைக் கொடுத்து, விடிந்த பின் உள்ளூர்க் கூட்டங்களுக்கும் முகம் காட்டி, ஞாயிற்றுக்கிழமையும் கணினி முன் அமர்கிற ஒருவருக்கு வேண்டியது ஓய்வும், வேலையைப் பங்கிட இன்னும் இரண்டு ஆட்களும். அதைக் கொடுக்க மனமில்லாத நிர்வாகம் கோச்சை அனுப்பிவைத்து, மனவலிமையை வளர்த்துக்கொள்ளும்படி போதிப்பது, எனது அபிப்பிராயத்தில், சுலபமான தப்பித்தல்.

நிறுவனம் பணம் கொடுக்கும் கோச் என்ற ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய மற்றொன்று இரகசியம். நோயாளியின் விவரங்களைக் காப்பாற்ற வேண்டிய கடமையை மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையாளர் மேல் சுமத்துகிறது. அது நோயாளியின் உரிமையென்றே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கோச்சின் விஷயத்தில் அத்தகைய சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஒப்பந்தம் மட்டும் உண்டு. அந்த ஒப்பந்தத்தில் ஊழியர், கோச், கட்டணம் செலுத்தும் நிறுவனம் என்று மூன்று பேர் சம்பந்தப்பட்டிருப்பதால், யாருக்கு எது தெரிவிக்கப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்த வேண்டுமென்று கோச்சுகள் கூட்டமைப்பின் நெறிமுறையே கூறுகிறது. ஆகவே முதற் பேச்சிலேயே, "நான் சொல்வதில் எது என் மேலதிகாரிக்குப் போகும்?" என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் எங்கே பயின்றீர்கள், யாரிடம் பதிவு பெற்றிருக்கிறீர்கள், எந்த நிலைமையில் என்னை வைத்தியரிடம் அனுப்புவீர்கள் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு உடனடியாகப் பதில் சொல்லத் தெரிந்தவரே நம்பத் தக்கவர். எல்லா நோய்க்கும் தம்மிடம் வழியிருக்கிறது என்பவரிடம், மருந்தை நிறுத்திவிட்டு வா என்பவரிடம், இரண்டாம் முறை போக வேண்டாம்.

செலவைப் பற்றிய பயமும் பலரைத் தடுக்கிறது. உடல்நோய்க்குக் கொடுப்பதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டுமென்று அதே சட்டம் விதித்திருக்கிறது. பாலிசியை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். கழக்கூட்டத்திலிருந்து திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி அதிக தூரமில்லை. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய நிலையங்களில் 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் மனச்சோர்வைக் கண்டறிந்து கவனிக்கும் ஏற்பாடும் நடைபெறுகிறது. இவற்றில் எதற்குப் போவதானாலும் யாரும் ஊளம்பாறையின் பழைய கதைகளைத் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. சாதாரணக் காய்ச்சலுக்குப் போகிற வழியேதான்.

ஐயம் தீராத நிலையில் எந்தப் பக்கம் சாய்வது? முதலில் சிகிச்சையாளரிடம் சாய்வதே சரி என்பது என் முடிவு. நோயில்லாதவர் வைத்தியரிடம் போனால் ஒரு மணி நேரமும் சிறிது பணமும் நஷ்டம்; நோயுள்ளவர் கோச்சிடம் தங்கிவிட்டால் மாதங்கள் நஷ்டம், சில சமயம் அதற்கு மேலும் நஷ்டம். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கே பேச வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசு நடத்திவரும் டெலி-மானஸ் சேவையின் எண் 14416. பகலிரவு எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் மலையாளத்திலும் அங்கே பேசலாம். கேரளத்தில் இருப்பவர்களுக்குத் 'திசா' சேவையின் 1056 என்ற எண்ணும் உண்டு.